நூற்றுப் பதினேழாம் குறி

ஆய்வாளர் பதினோரு வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டது ஒரே ஒரு குறிக்காக. மூவாயிரம் வருஷத்துக்கு முந்தைய களிமண் பலகைகள் ஒன்பது. எல்லாவற்றிலும், எழுத்துகளுக்கு இடையே, நடுவில் பிளந்த ஓர் அழுத்தம். அதற்கு நூற்றுப் பதினேழு என்று எண் கொடுத்து, அரசக்குறி என்று பெயர் சூட்டி, தன் புத்தகத்தில் தனி அத்தியாயமே எழுதிவிட்டார். அந்தக் குறி வரி நடுவில் வரும், ஓரத்தில் வரும், மற்ற எழுத்துகள் மேலேயே ஏறி உட்காரும். அரசன் யாருக்கையா கட்டுப்பட்டவன் என்று அதற்கும் விளக்கம் தயார். இந்த அத்தியாயத்தை நம்பித்தான் துறைத்தலைவர் பதவியே அவருக்கு வருவதாக இருந்தது. புத்தகம் மறுநாள் அச்சுக்குப் போகிறது.

அன்றைக்குப் பார்த்து வந்து சேர்ந்தான் மச்சான். மனைவியின் தம்பி, கால்நடை டாக்டர். டீ டம்ளரோடு அறைக்குள் வந்தவன் சுவரில் ஒட்டியிருந்த பலகைப் படங்களைப் பார்த்தான்.

"என்ன அத்தான், ஆட்டுக்குட்டி குளம்பையெல்லாம் படம் பிடிச்சு வெச்சிருக்கீங்க?"

ஆய்வாளருக்குச் சுருக்கென்றது. "அது அரசக்குறி. உனக்குப் புரியாது."

"தினம் நாப்பது குளம்பு பாக்குறேன், எனக்குப் புரியாதா? நாலு மாசக் குட்டி அத்தான் இது."

"அவன் சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்று மனைவி உள்ளேயிருந்து எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றினாள்.

நிரூபி பார்க்கலாம் என்று ஆய்வாளர் படங்களைப் பிய்த்துத் தரையில் போட்டார். மச்சான் சளைக்கவில்லை. சம்மணம் போட்டு உட்கார்ந்து, குளம்புக்குக் குளம்பு தூரம் அளந்து, ஒன்பதையும் வரிசையாக அடுக்கினான். எழுதி முடித்துக் காயவைத்த ஈரப் பலகைகள் மேல் ஒரு குட்டி இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்துபோயிருந்தது.

பழக்கதோஷத்தில் ஆய்வாளர் அந்த வரிசையிலேயே படித்தார். முதல் பலகையில் அறுந்து நின்ற வாக்கியம் இரண்டாவதில் முடிந்தது. இரண்டாவதில் நின்றது மூன்றாவதில். எது முன், எது பின் என்று நாலு தலைமுறை அறிஞர்கள் அடித்துக்கொண்ட பலகைகள் அவை.

இந்த வரிசை பதவியைவிடப் பெரிய விஷயம். ஆனால் எப்படித் தெரிந்தது என்று கேட்டால் ஆட்டைச் சொல்ல வேண்டும். ஆட்டைச் சொன்னால் அரசன் போச்சு, பதவியும் போச்சு, ஊரே சிரிக்கும். மிச்சமிருந்த டீயை மச்சான் குடித்து முடிப்பதற்குள் ஒன்பதையும் இன்னொரு தடவை படித்துப் பார்த்தார். பிறகு அச்சகத்துக்குப் போன் போட்டார்.

"ஏழாவது அத்தியாயத்தை எடுத்துடுங்க. வேற எழுதித் தர்றேன்."

"தலைப்பு என்ன சார்?"

"ஆட்டுக்குட்டி."

அடுத்த கேள்வி வருவதற்குள் ஆய்வாளர் போனை வைத்துவிட்டார்.

மச்சானுக்கே பாவமாகப் போய்விட்டது. "தப்பா நினைக்காதீங்க அத்தான். நீங்க ஆட்டையே பாத்ததில்லையா?"

"ஆட்டைப் பாத்திருக்கேன்," என்றார் ஆய்வாளர். "அரசனைத்தான் பாத்ததில்லை."