வாயைக் கட்டிய அறுபது பேர்

அந்த அம்மாளுக்குக் கம்பெனியில் வைத்திருந்த பெயர் ஏனம்மா. அவர் அனுப்பும் மின்னஞ்சல் எதுவானாலும் 'ஏன்' என்றுதான் தொடங்கும். ஏன் அறுபது பேர் மட்டும்? ஏன் ஆறே மாதம்? முப்பது வருடம் ரத்தப் பரிசோதனைக் கூடம் நடத்தியவர். அதை விற்றுவிட்டு, வந்ததில் கொஞ்சத்தை இந்தச் சின்ன மருந்துக் கம்பெனியில் போட்டார். போட்ட நாளிலிருந்து கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறார். அவர் பேச்சை எடுத்தாலே தங்கைக்குப் பற்றிக்கொண்டு வரும்.

தங்கை என்றால் முதலாளியின் மனைவிக்குத் தங்கை. கம்பெனியின் ஒரே ஆராய்ச்சியாளர். சர்க்கரை நோய்க்கென்று அவள் நாலு வருடம் மண்டையை உடைத்துக்கொண்டு உருவாக்கிய காப்ஸ்யூலை நம்பித்தான் அந்த இரண்டு மாடிக் கட்டிடமும் அதற்குள் இருந்த பதினோரு பேரும் இருந்தார்கள். ஆய்வகம் அவள் பாடு. வெளியே அலைந்து பணம் போட ஆள் பிடிப்பது முதலாளியான அத்தான் பாடு. பரிசோதனைக்குச் சேர்ந்த அறுபது நோயாளிகளுக்கும் போன் போட்டு, வீட்டுக் கதையெல்லாம் கேட்டு, ரத்தம் கொடுக்க வேண்டிய தேதியை நினைவூட்டுவது அக்கா. அக்காவிடம் பேசுவதற்காகவே நேரத்தோடு வந்து உட்காருகிறவர்கள் உண்டு.

அன்று காலை மாடியில் முதலீட்டாளர்கள் கூட்டம். அடுத்த கட்டப் பரிசோதனைக்கு அவர்கள் கைகொடுத்தால் உண்டு, இல்லாவிட்டால் கதவைச் சாத்திக்கொண்டு போக வேண்டியதுதான். வந்திருந்த ஏழு பேரில் ஒருவர் போனை நோண்டிக்கொண்டிருந்தார். இன்னொருவர் பிஸ்கட் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "சர்க்கரைக்கு மருந்துன்னு மாசத்துக்கு நாலு பேர் வர்றாங்க சார்" என்றார். அந்த வாயில் ஒன்று போடலாம் போலிருந்தது தங்கைக்கு.

அத்தான் அசரவில்லை. "ஊர்ல இருக்கிறவங்களை விடுங்க சார். என் வீட்டுல நாங்க ரெண்டு பேருமே சர்க்கரைக்காரங்க. ரெண்டு பேரும் இதை மட்டும்தான் சாப்பிடறோம்" என்றார்.

அக்கா தலையாட்டினாள். டாக்டர் கொடுத்த பழைய மாத்திரைகளை அவள் நாலு மாதத்துக்கு முன்பே தூக்கிப் போட்டுவிட்டாள். 'சொந்தக் கடை இருக்கும்போது அடுத்தவன் சரக்கு எதுக்கு' என்றாள். தங்கை அன்றைக்குச் சண்டை போட்டுப் பார்த்தாள். "உன் மருந்து மேல உனக்கே நம்பிக்கை இல்லையாடி?" என்று அக்கா ஒரு கேள்வி கேட்டாள். அதோடு தங்கை சண்டையை விட்டுவிட்டாள். உண்மையைச் சொன்னால், உள்ளுக்குள் இனிக்கவும் செய்தது. பாழாய்ப்போன பெருமை.

"எல்லார் முன்னாடியும் இப்பவே பார்த்துடலாமே" என்று சொல்லி அத்தான் அக்காவின் விரலில் ஊசியால் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைக் கருவியில் வைத்தார். நூற்றுப் பதினெட்டு. பிஸ்கட்காரரே கைதட்டினார். அக்கா ஏதோ பரிசு வாங்கியவள் போல நாலு பக்கமும் பார்த்துச் சிரித்தாள்.

ஏனம்மா மட்டும் தட்டவில்லை. கையிலிருந்த அறிக்கையில் விரல் வைத்திருந்தார்.

"அறுபது பேருக்கும் வெறும் வயித்துச் சர்க்கரை நாப்பது இறங்கியிருக்கு. ஆனா மூணு மாசச் சராசரி இம்மிகூட நகரலையே. ஏன்?"

தங்கை நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். "பத்தாம் பக்கத்துல எழுதியிருக்கேன். சராசரியை மூணு இடத்துல மூணு மெஷின்ல எடுத்தோம். மெஷினுக்கு மெஷின் வித்தியாசம் வரும்."

"படிச்சேன்மா. மூணு மெஷினும் சொல்லி வச்ச மாதிரி ஒரே பக்கமாவா தப்புப் பண்ணும்?"

"உங்களுக்கு எங்களைக் கவிழ்க்கணும், அவ்வளவுதானே? நாலு வருஷமா நான் தூங்கி எழுந்ததே இந்த லேப்லதான். நீங்க உட்கார்ந்த இடத்துல 'ஏன் ஏன்'னு தட்டி அனுப்பிடுறீங்க. குத்தம் கண்டுபிடிக்கிறதையே ஒரு பொழப்பா வச்சிருக்கீங்க!"

"ஏய், உட்காரு" என்று அத்தான் பல்லைக் கடித்தார்.

ஏனம்மாவுக்குக் கோபம் வந்த மாதிரி தெரியவில்லை. அக்கா பக்கம் திரும்பினார். "நீங்க கடைசியா எப்பம்மா வயிறாரச் சாப்பிட்டீங்க?"

இப்படி அக்கறையாக ஒருவர் கேட்டுவிட்டதில் அக்காவுக்கு ஒரே சந்தோஷம். "ஆச்சுங்க மூணு நாள்! தண்ணி, நடுவுல அரை ஆப்பிள், அவ்வளவுதான். இன்னிக்கு எல்லார் முன்னாடியும் குத்துவாங்கன்னு தெரியுமே."

"மத்தவங்களுக்கும் இப்படிச் சொல்வீங்களா?"

"சொல்லாம இருப்பேனா? ரெண்டு நாள் முன்னாடியே அறுபது பேருக்கும் போன் போட்டுருவேன். பத்து மணி நேரம் சாப்பிடாம வரணும்னு பேப்பர்ல இருக்கு. அதை மட்டும் ஒப்பிச்சா போதுமா? 'ரெண்டு நாளைக்கு வாயைக் கொஞ்சம் கட்டுங்க, என் தங்கச்சி ராப்பகலா உழைச்சிருக்கா, ரிசல்ட் நல்லா வரணும்'னு நானாத்தான் சேர்த்துச் சொல்வேன். பாவம், தங்கமானவங்க. ஒருத்தர்கூட மீறலை."

போன் நோண்டியவர் போனைக் கவிழ்த்து வைத்தார்.

தங்கைக்கு இப்போதுதான் விளங்கிற்று. இரண்டு நாள் பட்டினி கிடந்தால் யாருக்கும் காலையில் சர்க்கரை இறங்கத்தான் செய்யும். மூன்று மாதச் சராசரியை அப்படி ஏமாற்ற முடியாது. அது தின்றதையெல்லாம் ஒன்றுவிடாமல் சொல்லிவிடும். ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. அவள்தான் உட்கார்ந்து உட்கார்ந்து பத்தாம் பக்கத்தை எழுதி மெஷினைப் பொய்யனாக்கினாள். நாப்பதில் மருந்து இறக்கியது எவ்வளவு, பட்டினி இறக்கியது எவ்வளவு என்று இனி அந்தக் கடவுளே வந்தாலும் பிரித்துச் சொல்ல முடியாது. நாலு வருடமும் நாசம். அக்காவை அறையலாம் போலவும் வந்தது, தன்னையே அறைந்துகொள்ளலாம் போலவும் வந்தது.

அத்தான் சிரிக்கப் பார்த்தார். "இவ இப்படித்தான் சார், தமாஷா எதையாவது..."

"தமாஷ் இல்லை அத்தான்." அலமாரியில் இருந்த சின்ன மெஷினைத் தூக்கிவந்து மேஜைமேல் வைத்தாள் தங்கை. விரல் நுனி ரத்தத்திலேயே மூன்று மாதச் சராசரியை ஆறு நிமிடத்தில் சொல்லிவிடுகிற மெஷின் அது. "அக்கா, கையை நீட்டு."

"மறுபடியுமா? திங்கக்கிழமை வச்சுக்கலாம்டி. எனக்கு ஒரு ரெண்டு நாள் டைம் குடு."

"இதுக்கு மூணு மாசம் வாயைக் கட்டணும்க்கா."

அக்காவின் சிரிப்பு அப்போதுதான் குறைந்தது. தங்கை கையைப் பிடித்து இழுத்துக் குத்தினாள். கொஞ்சம் வேகமாகவே குத்திவிட்டாள்.

மெஷின் ஓடிக்கொண்டிருந்தபோது அத்தான் அவள் காதருகே வந்தார். "இவங்க போகட்டும், அப்புறம் பார்த்துக்கலாம். நாலு பேர் முன்னாடி மானத்தை வாங்காதே."

"மானமா? நாளைக்கு இவ கண்ணு போச்சுன்னா உங்க மானம் வந்து கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போகுமா?" ஏழு பேருக்கும் கேட்கும்படியாகத்தான் கத்தினாள்.

பத்து புள்ளி இரண்டு என்று காட்டியது மெஷின். ஏழுக்குள் இருக்க வேண்டியது. நாலு மாதத்துக்கு முன்னால் டாக்டர் எடுத்துப் பார்த்தபோது ஏழுக்குள்தான் இருந்தது.

ஏனம்மா எழுந்து வந்தார். ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி அக்காவின் முன்னால் வைத்தார். "மாத்திரையை நிறுத்தி எத்தனை நாளாச்சும்மா?"

"நாலு மாசம்" என்றாள் அக்கா, தப்புச் செய்த பிள்ளை மாதிரி.

ஏனம்மாவுக்குக் கோபம் இப்போதுதான் வந்தது. அது தங்கையின் மேல் வந்தது. "என்னை நீ நம்பாட்டி போகுது. உன் மெஷினையாவது நம்பித் தொலைச்சிருக்கக் கூடாதா?"

தங்கை அக்கா பக்கம் திரும்பினாள். "மாத்திரையை இன்னிக்கே ஆரம்பி. இப்பவே டாக்டர்கிட்ட கிளம்பலாம்" என்று அக்காவின் தோளைப் பிடித்து உலுக்கினாள். "நிஜமாவே கண்ணு போயிடுமாடி?" என்று கேட்டாள் அக்கா. அதைக் கேட்டு அத்தானுக்கு உதறல் எடுத்துவிட்டது. என்ன இருந்தாலும் அக்கா என்றால் அவருக்கு உயிர். கூட்டம், அடுத்த கட்டம் எல்லாம் மறந்துபோய், கோட்டின் உள் பையில் அவசரமாகக் கையை விட்டார்.

"இரு, இரு, பதறாதே. இந்தா, இப்போதைக்கு இதுல ஒண்ணைப் போடு. நீ சாப்பிட்டுக்கிட்டு இருந்த அதே மாத்திரைதான். காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு."

நீட்டிய கை பாதியில் நின்றது. தான் என்ன நீட்டினோம் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. பத்து மாத்திரை அட்டை. அதில் ஆறு காலி. பின்னுக்கு இழுத்துக்கொள்ளப் பார்த்தார். அதற்குள் அக்கா வாங்கிவிட்டாள்.

அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். காலியாக இருந்த குழிகளின் மேல் விரலை ஓட்டினாள். தங்கை திட்டுவதற்கு வாயெடுத்தாள். அக்கா கையை உயர்த்தி அவளை நிறுத்தினாள். வீட்டிலும் சரி, ஆபீசிலும் சரி, அக்கா யாரையும் அப்படி நிறுத்தி ஒருவரும் பார்த்ததில்லை.

"நான் பட்டினி கிடந்தப்பல்லாம் எதிர்ல உட்கார்ந்து பார்த்துக்கிட்டுத்தானேங்க இருந்தீங்க?" என்றாள்.