சீட்டின் பின்பக்கம்

கனிமொழி அப்பாவோடு பேசி ஒன்பது நாள் ஆகிவிட்டது.

அப்பா துரைக்கண்ணு செய்த காரியம் அப்படி. களம்பூர் அரிசி மில்லில் அவருக்கு கேட் வேலை. உள்ளே போகிற லாரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்து, வெளியே வரும்போது அதை வாங்கிக் கம்பியில் குத்த வேண்டும். அறுவடை நேரம், சீட்டுப் புத்தகம் தீர்ந்துபோனது. ஆரணி வீட்டில் மகள் மேசைமேல் ஒரு நோட்டு கிடந்தது. புரட்டினார், முதல் பக்கம் வெள்ளை, அடுத்ததும் வெள்ளை. எடுத்துப்போய் நாளுக்கு இருபது தாள் கிழித்து எழுதித் தள்ளினார்.

ஜப்பான் படக்கதையைக் கடைசிப் பக்கத்திலிருந்துதான் படிப்பார்களாம். அந்தப் பைத்தியத்தில் அவளும் நோட்டைப் பின்னாலிருந்தே எழுதியிருந்தாள். மூன்று வருஷமாகக் கார்ட்டூன் பார்த்துப் பார்த்துப் பொறுக்கிய ஜப்பான் சொற்கள், தாளின் பின்பக்கத்தில் மட்டும். முன்பக்கம் கடைசிவரை வெள்ளையாகவே இருந்தது. இந்த மனுஷனும் கடைசிவரை திருப்பிப் பார்க்கவில்லை. அவள் நோட்டைத் தேடியபோது வெறும் அட்டைதான் மிச்சம்.

“அவளா பேசுவா, வுடுங்க. சாப்ட்டுட்டு படுங்க,” என்றாள் மனைவி ரங்கம்மாள்.

அவர் தட்டைத் தள்ளி வைத்தார். முன்பெல்லாம் அவர் கதவைத் தள்ளும்போது உள் அறையிலிருந்து மகள் ஏதோ சத்தமாகச் சொல்வாள். கார்ட்டூனோடு பேசுகிறாள் என்று நினைத்துக்கொள்வார். இப்போது அதுவும் இல்லாமல் வீடு வெறிச்சென்று கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை லீவு. முதுகு விட்டுப்போயிருந்தது. ஆனாலும் பஸ் ஏறி மில்லுக்குப் போனார். உமி குடோனில் சீட்டு குத்திய பழைய கம்பிகள் தொங்கின.

“லீவு நாள்ல இன்னாத்த தேடிகினு இருக்கீங்க?” என்று கேட்டான் வாட்ச்மேன் அருள்மணி.

“எம் பொண்ணு எழுதுனத.”

ஒவ்வொரு சீட்டாக உருவினார். ஒரு பக்கம் அவர் கையெழுத்தில் லாரி நம்பர், மூட்டை எண்ணிக்கை. மறுபக்கம் அவளுடைய குண்டு குண்டு எழுத்து. நகாமா: கூட்டாளி. கன்பாத்தே: விடாத, செய். எல்லாவற்றுக்கும் நடுவில் கம்பி போட்ட ஓட்டை. போளூர் லாரிச் சீட்டு ஒன்றைத் திருப்பியபோது கை நின்றுவிட்டது.

‘ஓத்சுகாரேசமா: வேலை முடிச்சு அலுத்து வர்றவங்களைப் பார்த்துச் சொல்றது. தினமும் அப்பா வரும்போது சொல்லணும்.’

அடப்பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டார். மூன்று வருஷமாகத் தனக்குச் சொன்ன சொல். அது தனக்கென்றே தெரியாமல் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுப் போய்ப் படுத்திருக்கிறார். உமி மூட்டைமேல் உட்கார்ந்து அழுதார்.

சீட்டுகளை அடுக்கி அவள் மேசையில் கொண்டுபோய் வைத்தார்.

“ரெண்டு மூணு கெடைக்கலம்மா.”



மறுநாள் காலை சாப்பாட்டுப் பையில், டிபன் பாக்ஸுக்கு அடியில் புது நோட்டு ஒன்று இருந்தது. முதல் பக்கம் வெள்ளை. மூடப்போனவர், ஞாபகம் வந்து கடைசிப் பக்கத்தைத் திருப்பினார்.

‘அப்பா, இந்த ஒரு பக்கம் தவிர எல்லாம் காலி. மில்லுக்கு எடுத்துனு போ.’

அந்தத் தாளை மட்டும் கிழித்து, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அன்று இருபத்தாறு லாரி. சாயங்காலம் கால் கடுக்க வந்து கதவைத் தள்ளியவர், செருப்பைக் கழற்றாமல் நின்றார்.

உள் அறையிலிருந்து அந்தச் சொல் வந்தது.