கோட்டுக்கு இந்தப் பக்கம்

நெடுநேர பைக் பந்தயத்தில் அந்த அணிக்கு அது மூன்றாம் வருடம். முதல் வருடம் வண்டி ஊர்ந்த அழகில் ஒரு நத்தை அதை முந்திப் போய், பிறகு மனசு கேட்காமல் கொஞ்ச தூரம் தள்ளிக் காத்திருந்தது. இரண்டாம் வருடம் என்ஜின் வெடித்ததில் பிஸ்டன் வளையம் ஒன்று பறந்து, பக்கத்து அணி சமையல்காரரின் தலையில் கிரீடமாக உட்கார்ந்தது. மனிதர் அதைக் கழற்ற மறுத்துவிட்டார். இரண்டுக்கும் சாட்சி உண்டு. நத்தை இப்போது உயிரோடு இல்லை.

மூன்றாம் வருடம் சிரிக்க ஒன்றுமில்லை. இந்தத் தடவையும் பந்தயத்தை முடிக்காவிட்டால் வண்டியை விற்றுவிடுவதென்று மெக்கானிக்கும், நேரம் குறிக்கும் அவர் மனைவியும், வண்டி ஓட்டும் அவள் தம்பியும் பேசி வைத்திருந்தார்கள். தம்பிக்கு வேறு பிழைப்பு தெரியாது.

கடைசி மணி நேரம். பெட்ரோல் போட அவனை உள்ளே கூப்பிட வேண்டிய சுற்றில், மெக்கானிக் ‘இன்னும் ஒரு சுற்று’ என்று பலகையை நீட்டினார். ஓர் இடமாவது முன்னேறலாமே என்ற நப்பாசை.

"டேங்க் காலியா இருக்கும்ங்க," என்றாள் மனைவி.

"என் மூக்குக்குத் தெரியாதா? இருக்கு."

மூக்கு கவிழ்த்துவிட்டது. கொட்டும் மழையில், பாதையின் எதிர்க்கோடியில் வண்டி நின்றது. நின்ற வண்டியை ஓட்டியவனேதான் தள்ளி வர வேண்டும். பெட்ரோல் போடும் இடத்து வெள்ளைக் கோடுவரை மற்றவர்கள் அவனோடு நடக்கலாம், அவ்வளவுதான். அதைத் தாண்டும்முன் வண்டியை வேறு யார் தொட்டாலும் அணி வெளியே.

வெகுநேரம் கழித்து வளைவில் அவன் தெரிந்தான்.

"காலை இழுக்கிறான் பாருங்க. மதியம் விழுந்தப்போ ஒண்ணுமில்லைன்னானே!"

"உன் தம்பி என்னைக்கு ஒண்ணு இருக்குன்னு சொல்லியிருக்கான்?" மெக்கானிக் அவளிடம் தன் துண்டை நீட்டினார். "என் கையைப் பின்னால கட்டு. எனக்கே அதுமேல நம்பிக்கை இல்லை."

அவள் இறுக்கிக் கட்டினாள். இருவரும் மச்சினனோடு நடந்தார்கள்.

"நான்தான் ஓவரா முறுக்கிட்டேன் மாமா. அதான் பெட்ரோல் தீர்ந்துடுச்சு."

"பேசாம தள்ளு மாப்ள."

கோட்டுக்குச் சற்று முன்னால் கால் மடிந்தது. அவன் விழ, வண்டி அந்தக் கால்மேலேயே சாய்ந்தது.

"தொடாதீங்க மாமா! நானே எந்திரிக்கிறேன்."

வண்டி ஒரு சாண் எழும்பியது, திரும்பவும் விழுந்தது. இந்தத் தடவை அவன் கத்தினான்.

மெக்கானிக் மனைவிக்கு முதுகைக் காட்டினார். "அவுத்து விடு."

"இன்னும் நாலு அடிதாங்க..." என்றவள், தம்பியின் முகத்தைப் பார்த்துவிட்டு அப்படியே மண்டியிட்டாள். நனைந்த முடிச்சு அவிழவில்லை. பல்லால் கடித்து இழுத்தாள்.

அவர் வண்டியைத் தூக்கினார். குடை பிடித்து நின்ற அதிகாரி கொஞ்ச நேரம் வேறெங்கோ பார்த்தார். வேலை வேலைதானே, பிறகு அணி வெளியே என்று கொடியை உயர்த்தினார்.

"பலகையைக் காட்டினது என் தப்புடா," என்றார் மெக்கானிக்.

"தெரியும். நீங்களா சொல்றீங்களான்னு பார்த்தேன்."

அக்கா அவன் காலைத் தன் மடியில் எடுத்து வைத்தாள்.

"பூட்ஸைக் கழட்டாதக்கா. வீங்கிடும், அப்புறம் மாட்ட முடியாது."

"இனிமே எதுக்குடா மாட்டணும்?"

அவள் வாரை அவிழ்க்கத் தொடங்கினாள்.