பன்னிரண்டோடு நின்ற கை

ரெங்கராஜுக்கு வந்த கோபத்தில், ஸ்ரீரங்கத்திலிருந்து புத்தூர் வரை பஸ்ஸில் இடம் இருந்தும் உட்காரத் தோன்றவில்லை. இன்று அந்த லிசியை இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று கிளம்பியிருந்தான்.

இருபத்திரண்டு வருஷமாகப் பெருமாளின் பல்லக்கைச் சுமக்கும் ஸ்ரீபாதம்தாங்கி அவன். போன கோடையில் வலது தோளில் தசை கிழிந்தது. ஆறியதும் பிசியோதெரபிஸ்ட் லிசி, "பெரிய எடை வேண்டாம் சார். லேசானதை நிறைய தடவை தூக்குங்க, தசை ஏறிடும்" என்று இரண்டு கிலோ டம்பெல்லைக் கையில் கொடுத்தாள். இரண்டு கிலோ! சந்தைக்குப் போய்வந்தால் காய்கறிப் பையே அதைவிடக் கனக்கும். மானத்தை விட்டு மூன்று மாதம் தூக்கினான்.

இன்று காலை மணல் மூட்டை ஏற்றிய பல்லக்கில் ஒத்திகை. நூறடி போவதற்குள் தோள் வெடவெடத்துப் பல்லக்கு சாய்ந்துவிட்டது. மூத்தவரான சம்பத் அண்ணா திட்டவில்லை. "வைகுண்ட ஏகாதசிக்கு இருபது நாள் இருக்கு, பார்ப்போம்" என்று சொல்லிவிட்டு, அவன் இடத்தில் வேறொருவனை நிறுத்தி உயரம் பார்த்தார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான்.

புத்தூர் கிளினிக்கில் நுழைந்ததுமே, "மூணு மாசம் வீணாப் போச்சும்மா!" என்று கத்தினான்.

"என் முன்னாடி ஒரு தடவை செய்யுங்க சார்" என்றாள் லிசி.

தூக்கினான். கேசவா, நாராயணா என்று தூக்கலுக்கு ஒரு நாமம். பன்னிரண்டாவதாகத் தாமோதரா என்றதும் டம்பெல்லைப் பணிவாகக் கீழே வைத்தான்.

"ஏன் நிறுத்திட்டீங்க? கை வலிக்குதா?"

"இல்லையே. நாமம் முடிஞ்சுடுத்தே."

லிசி நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். "இனி தூக்கவே முடியாதுங்கிற வரைக்கும்னு எழுதிக் குடுத்தேனே சார். லேசான எடையில அது மட்டும்தான் வேலை செய்யும்."

"மறுபடி ஆரம்பிச்சா, கை ஓஞ்சு நடுவுல நின்னுடுமே. பெருமாள் நாமத்தைப் பாதியில எப்படிம்மா விடறது?"

"விட்டாத்தான் சார் தசை வளரும்."

அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. டம்பெல்லை வெடுக்கென்று எடுத்து மறுபடி ஆரம்பித்தான். இரண்டாம் சுற்று, மூன்றாம் சுற்று. நான்காவதில் தோள் நெருப்பாக எரிந்தது. ஸ்ரீதரா என்றதும் கை அப்படியே நின்றுவிட்டது. பல்லைக் கடித்துப் பார்த்தான். ஒரு அங்குலம்கூட எழவில்லை.

"இதுதான் சார். இப்படியே விடாம ரெண்டு மாசம் செஞ்சா, பழைய தோள் வந்துடும்."

"இருபது நாள்ல?"

லிசி தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

ஏகாதசியன்று வலி மாத்திரை போட்டுக்கொண்டு பல்லக்கின் கீழ் நின்றுவிடலாம், ஒருவருக்கும் தெரியாது. ஆனால் வழியில் தோள் நழுவினால் சாய்வது மணல் மூட்டை இல்லை. வாசலுக்கு வந்து போனை எடுத்தான். வலது கை காதுவரைக்கும் எழவில்லை. இடது கைக்கு மாற்றிக்கொண்டான்.

"சம்பத் அண்ணா, காலையில நிறுத்தினேளே, அவனே நிக்கட்டும்" என்றான்.