மூச்சு வாங்குகிறது

...இல்லை, இந்த வரி சரியில்லை, 'கடற்பசு மந்தமான விலங்கு' என்று எழுதியிருக்கிறாள் ஜாக்குலின், யார் சொன்னது, எந்தப் புத்தகத்தில், கீழே அடிக்குறிப்பு எண்கூட இல்லை, சான்று எங்கே என்று குறித்து அனுப்பினேன். ஜீப்பு மலையடிவாரத்து முந்தல் செக்போஸ்ட்டைத் தாண்டிவிட்டது. கொண்டை ஊசி வளைவுகளில் டவர் வந்து வந்து போகும், எங்கள் தோட்டத்துப் பக்கம் போய்விட்டால் சுத்தமாகக் கிடையாது, அதற்குள் கட்டுரை முழுவதற்கும் குறை சொல்லி முடிக்க வேண்டும். மத்தியானம் இணையக் கலைக்களஞ்சியத்தின் முதல் பக்கத்துக்குக் கட்டுரை தேர்ந்தெடுக்கிறார்கள், கறாராகச் சொல்லுடி ரோஜா என்று நேற்று அவளேதான் போனில் கேட்டாள். கல்லூரியில் விலங்கியல், மூன்று வருஷம் ஒரே பெஞ்சு, அவள் போடியில் ஒரு கடைக்காரர் வீட்டு மருமகள் ஆனாள், நான் சிலமலையிலிருந்து ஏலத்தோட்டத்துக்குப் போகிற பெண்களுக்கு சூப்பர்வைசர் ஆனேன். இரண்டு பேரும் கடலைப் பார்த்ததில்லை. அதனால் என்ன, ஏலக்காயைப் பற்றி எழுதினவர்களெல்லாம் செடித் தூரடியில் குனிந்து காய் எடுத்துவிட்டா எழுதினார்கள்... என் பையில் இன்னொரு தாளும் இருக்கிறது, அதற்கும் இன்றுதான் கெடு. தோட்டத்தில் ஒரு ஆளைக் குறைக்கிறார்கள், திங்கட்கிழமையிலிருந்து யாரை ஜீப்பில் ஏற்ற வேண்டாம் என்று மேனேஜரிடம் கொடுக்க வேண்டிய தாள். அதில் ஒரே ஒரு பெயர். அந்தப் பெயருக்குரியவளின் முழங்கால்தான் ஒவ்வொரு வளைவிலும் என் முழங்காலில் வந்து இடிக்கிறது. பதினான்கு பேரை அடைத்த ஜீப்பில் யார் பக்கத்தில் உட்காருவது என்று யார் தீர்மானிக்க முடியும்.

கருப்பம்மாள் அத்தை போனை எட்டிப் பார்த்தாள். "என்ன தாயி இது, கொம்பு மொளைக்காத எருமையா?" கடலுக்குள் இருக்கிற பசு அத்தை, புல் மேயும், குட்டி போட்டுப் பால் கொடுக்கும் என்றேன். "தண்ணிக்குள்ளயேவா பால் குடுக்குது? அப்பப் பால்காரனுக்குத் தண்ணி கலக்குற சோலி மிச்சம்." ஜீப்பே சிரித்தது. எத்தனை கிலோ இருக்கும் என்று ஸ்டியரிங்கிலிருந்து கேட்டான் அழகுராஜா, நானூறு இருக்கும் என்றதும், அப்படியானால் அது அடுத்த லோடில் வரட்டும் என்றான். நான் சிரிக்கவில்லை, குனிந்து படித்தேன், ஒரு பத்தியில் கன்று என்கிறாள், அடுத்த பத்தியில் குட்டி என்கிறாள், ஏதாவது ஒன்றாக வை. பதிமூன்று மாதம் சுமக்கும், சரி, சான்று இருக்கிறது. 'சில நிமிடங்களுக்கு ஒருமுறை நீர்மட்டத்துக்கு வந்து மூச்சு வாங்குகிறது.' இது தப்பு, இதை எப்படி எழுதினாள், அகராதியில் வாங்குதல் என்றால் பெறுதல் என்று பார்த்து எழுதியிருப்பாள், ஆனால் மூச்சு வாங்குகிறது என்றால் இளைக்கிறது என்றுதானே பொருள். சுமை தூக்கினவளுக்கு வாங்கும், மேடேறினவளுக்கு வாங்கும், சீக்காளிக்கு வாங்கும். சின்ன வயதில் தோட்டத்து லயத்து வீட்டில் இருந்தபோது அம்மா மூட்டையோடு ஏறி வருகிற நாளில் அவள் நிழல் தெரிவதற்கு முன்னாலேயே அந்தச் சத்தம் கதவுக்கு வந்துவிடும், நான் எழுந்து போய்த் தாழ்ப்பாளைத் திறப்பேன், அதுதான் மூச்சு வாங்குவது. கடற்பசுவுக்கு அப்படி என்ன நோவு? அது மூச்செடுக்கிறது, எடுத்துவிட்டுத் திரும்பவும் குனிந்து மேயப் போய்விடுகிறது, மூச்செடுக்கிறது என்று மாற்று. அதற்கடுத்த வரி, 'அது மேலே வரும்போதுதான் கண்ணில் படும். அந்நேரம் பார்த்துத்தான் ஈட்டி எறிவார்கள்.' கதை மாதிரி இருக்கிறது, கலைக்களஞ்சியத்துக்கு வேண்டாம், எடுத்துவிடு. அனுப்பினேன். எட்டாவது வளைவில் பதில் வந்தது, அம்மாடி, கடலில் முங்கி எழுந்தவள் மாதிரித் திருத்துகிறாயே, எல்லாம் மாற்றியாகிவிட்டது, மந்தம் எடுத்தாச்சு, ஈட்டியும் எடுத்தாச்சு. அதோடு டவர் போனது.

மந்தம் எடுத்தாச்சு... அந்தச் சொல்லை இந்த வாரத்தில் இன்னொரு இடத்திலும் பார்த்தேனே, எங்கே, எங்கே என்ன, என் கையெழுத்தில்தான். 'கருப்பம்மாள் – மந்தம். அடிக்கடி எழுந்து நிற்கிறார்.' பையைத் திறந்து பார்க்கத் தேவையில்லை, பேனா மை எங்கே திட்டாக நின்றது என்பது உட்பட ஞாபகம் இருக்கிறது. வியாழக்கிழமை, மூன்றாவது நிரை, மற்ற பெண்கள் தூரடியில் உட்கார்ந்து காய்ச்சரத்தை விலக்கிக் காய் எடுத்துக்கொண்டிருந்தார்கள், இவள் மட்டும் இடுப்பில் கை வைத்து நின்றாள், பத்து நிமிஷம் கழித்துப் பார்த்தால் மறுபடியும் நிற்கிறாள். குனிந்திருக்கிற நேரமெல்லாம் நான் பார்க்கவில்லை, குனிந்திருப்பவளை இலை மறைத்துவிடும், எழுந்தால்தானே தெரிகிறாள். என்ன அத்தை என்று கேட்டேன். ஏதோ சொன்னாள், மூச்சு என்று சொன்னாள், அது நிச்சயம். மூச்சு வாங்குது என்றாளா, மூச்செடுத்துக்கிடுறேன் என்றாளா? முன்னதென்றால் நெஞ்சிலே ஏதோ இருக்கிறது, போடி ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டும். பின்னதென்றால் ஒன்றுமே இல்லை, ஐம்பத்தைந்து வயது உடம்பு நிமிர்ந்து காற்றைக் குடித்துவிட்டுக் குனிகிறது. ஒரு விலங்குக்கு இந்த வித்தியாசத்தைப் பத்து நிமிஷம் விளக்கி எழுதினேன், இவள் சொன்னது எதுவென்று காதில் வாங்கவில்லை. சும்மா சாக்கு என்று நினைத்தேன். எடை குறைந்ததா என்றால் அதையும் பார்க்கவில்லை, சாயங்காலம் அவள் சாக்கு யார் சாக்கைவிட இளைத்திருந்தது? தெரியாது. என்னிடம் யாரும் சான்று கேட்கவில்லை, மேனேஜர் கேட்கமாட்டார், பெயர் இருந்தால் போதும் அவருக்கு.

போடிமெட்டு தாண்டி ஜீப்பு நின்றது. பெண்கள் கூடையோடு இறங்கி நடந்தார்கள், கருப்பம்மாள் கடைசியாக இறங்கினாள், கம்பியைப் பிடித்து ஒரு கணம் நின்றாள், அந்த நிற்றலையும் என் கண் குறித்துக்கொண்டது, பழக்கம். ஆபீஸ் வாசலில் மேனேஜர் சேட்டன் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார், லிஸ்ட் எவிடே என்று மலையாளத்தில் கேட்கிறார், ஒரு நிமிஷம் என்றேன். தாளை எடுத்து 'மந்தம்' என்பதை அடித்தேன். அடித்த இடத்துக்கு மேலே ஒரு சொல் எழுத வேண்டும், சரியான சொல். "அத்தை, வியாழக்கெழம நிரையில நின்னப்ப என்ன சொன்னீங்க? மூச்சு வாங்குதுன்னா, மூச்செடுக்குறேன்னா?"

அவள் என் கையிலிருந்த தாளைப் பார்த்தாள். எழுத்து தெரியாது அவளுக்கு, ஆனால் அது எந்தத் தாள் என்பது தெரியும். வெற்றிலைச் சாற்றை ஓரமாகத் துப்பிவிட்டு வந்தாள்.

"எதச் சொன்னா ஜீப்புல எடமிருக்கும், ஆத்தா? அதையே எழுதிக்க."

அவள் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு மற்றவர்களுக்குப் பின்னால் போனாள். மூச்சு வாங்குது என்று எழுதினால் சீக்காளி எதற்கு என்று இறக்கிவிடுவார்கள், மூச்செடுக்கிறாள் என்று எழுதினால் வேலை நேரத்திலா என்பார்கள், பெயரையே அடித்துவிட்டால் வேறொரு பெயர் எங்கே என்று கேட்பார்கள்... பேனா தாளின் மேல் நின்றது. மேலே வரும்போது பார்த்து எறிகிற அந்த ஈட்டி வரி, அதை எடுக்கச் சொன்னது தப்பு, கதை இல்லை அது, அது அப்படியே இருக்கட்டும் ஜாக்குலின்... போனை எடுத்துப் பார்த்தேன், டவர் இல்லை, மேனேஜரின் கை இன்னும் நீட்டியபடியே இருந்தது.