ஹாரன் அடிக்காத வண்டி

ஷரீஃப் பாய் வீட்டில் முப்பது நாள் பந்தயம் ஒன்று நடந்தது கச்சேரி ரோட்டுச் சந்துக்கே தெரியும். அப்பனுக்கும் மகளுக்கும் நடுவிலான பேச்சுதான். ஆனால் அந்தக் குடும்பம் உப்பு கேட்டாலே மூன்று மாடிக்கும் கேட்கும். பழைய ஆல்டோவை மஹ்விஷ் முப்பது நாள் ஒரு கீறல் இல்லாமல் ஓட்டிக் காட்டினால் வண்டி அவளுக்கு. கீறல் விழுந்தால் கீழ்வீட்டுக் கோதண்டபாணிக்கு விலைக்குப் போய்விடும்.

மஹ்விஷ் பிசியோதெரபி படித்தவள். அடையாறு, பெசன்ட் நகர் என்று வீடு வீடாகப் போய், முட்டி மடங்காதவர்களுக்கு மடக்கிக் கொடுப்பது அவள் வேலை. கூடவே ஒரு மெஷின், நாலு பெல்ட், ஆள் உட்காருகிற அளவுக்கு ஒரு நீலப் பந்து. பந்தைப் பார்த்ததும் ஆட்டோக்காரர்கள், "இன்னா மேடம், சர்க்கஸா?" என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள். கார் இல்லையென்றால் அவள் மறுபடியும் பழைய கிளினிக்கில்தான் போய் நிற்க வேண்டும். அங்கே டாக்டர் இரண்டு வருஷமாக அவளை "ஏம்மா" என்றுதான் கூப்பிட்டார். பெயர் தெரியாதாம்.

கோதண்டபாணி துறைமுகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அவரிடம் புதுக் கார் இருந்தது. வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஆனாலும் மருமகன் மோதிப் பழக ஒரு பழைய வண்டி வேண்டுமாம். தினமும் காலையில் பால் பாக்கெட்டோடு ஆல்டோவை ஒரு சுற்று சுற்றி வருவார். கோயிலில்கூட அவர் அவ்வளவு நிதானமாகச் சுற்றிப் பார்த்ததில்லை.

"இன்னிக்கும் ஒண்ணும் இல்லியா பாய்?"

"இல்ல சார்."

"சரி, இன்னும் நாள் கீதே" என்று போவார்.

மஹ்விஷ் ஓட்டுவதில் ஒரு கொள்கை உண்டு. முன்னால் போகிற வண்டி ஒரு விளக்குக் கம்பத்தைத் தாண்டியதும் "நூத்தியொண்ணு, நூத்திரெண்டு, நூத்திமூணு" என்று எண்ணுவாள். அதற்கப்புறம்தான் அவளுடைய வண்டி அந்தக் கம்பத்தை எட்ட வேண்டும். மந்தைவெளியில், மெட்ரோ தடுப்புக்கு நடுவே, இப்படி எண்ணுவதற்கு எவ்வளவு நெஞ்சழுத்தம் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். அவள் விடுகிற இடைவெளியைப் பார்த்து ஊரே உள்ளே வரும். ஒரு ஆட்டோ, இரண்டு பைக், ஒருமுறை தண்ணீர் கேனோடு ஒரு மூன்று சக்கர சைக்கிள். ஒவ்வொருவர் நுழையும்போதும் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி நூத்தியொண்ணிலிருந்து ஆரம்பிப்பாள். ஆர்.கே. மடம் சாலையைத் தாண்டுவதற்குள் ஒரு குழந்தைக்கு எண்ணே கற்றுக்கொடுத்துவிடலாம்.

முன்னால் வருகிறவர்களையாவது பொறுத்துக்கொண்டாள். அவளைப் படுத்தியது பின்னால் வருகிறவர்கள்தான்.

தினமும் ஒரு கார் அவள் பின்னால் வந்து ஒட்டும். திங்கட்கிழமை வெள்ளை, செவ்வாய் சிவப்பு, புதன் ஏதோ பெரிய கறுப்பு. கண்ணாடியில் பார்த்தால் பம்பர் தெரியாது, நேராக வைப்பர்தான் தெரியும். ஓட்டுகிறவன் வெயில் தடுப்பை இறக்கிவிட்டு, மாஸ்க், கறுப்புக் கண்ணாடி சகிதம் உட்கார்ந்திருப்பான். அவள் இடதுபக்கம் ஒதுங்கி வழிவிட்டால் அவனும் ஒதுங்குவான். வேகம் குறைத்தால் அவனும் குறைப்பான். பிரேக்கை லேசாகத் தொட்டுச் சிவப்பு விளக்கைக் காட்டினாலும் நகரமாட்டான்.

"மெட்ராஸ்ல ஒருத்தனுக்கும் வண்டி ஓட்டத் தெரியல அத்தா" என்று ராத்திரி சாப்பாட்டில் பொரிந்து தள்ளினாள். "கலர் கலரா வந்து ஒட்டறானுங்க. நான் பொண்ணுன்னு தெரிஞ்சே பண்றானுங்க போல."

ஷரீஃப் பாய் மீனில் முள் எடுப்பதில் மும்முரமாக இருந்தார். அவர் கார் சீட் கவர் தைக்கிறவர். முப்பது வருஷமாகக் கார்களுக்கு உள்ளே உட்கார்ந்தே வேலை பார்ப்பதால், ஓட்டுவதும் தனக்குத்தான் தெரியும் என்று நினைப்பு.

"கண்டுக்காதேம்மா" என்றார். "பின்னால வர்றவன் நல்லவனாக்கூட இருக்கலாம்."

"நல்லவன் எதுக்கு ஒட்டணும்?"

"ரோட்ல லாரி எல்லாம் வருது" என்று அவர் ஏதோ முனகினார். ஹாஜிரா பீ புருஷனை ஒரு பார்வை பார்த்தாள். கொஞ்ச நாளாக மனுஷன் காலை எட்டரைக்கே கடை திறக்க ஓடுகிறார் என்பது அவளுக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. கல்யாணமான நாள் முதல் பத்தரைக்கு முன்னால் ஷட்டரைத் தூக்கியவர் இல்லை.

மஹ்விஷுக்கும் ஒன்று உறுத்தியது. இத்தனை பேர் ஒட்டுகிறார்கள், ஒருத்தன்கூட ஹாரன் அடிப்பதில்லை. பச்சை விழுவதற்குள்ளேயே அடிக்கிற ஊர் இது.

இருபத்தொன்பதாம் நாள். பின்னால் ஒட்டியது வெள்ளி நிறக் கார், முன்பக்கம் எலுமிச்சையும் மிளகாயும் தொங்கின. புது வண்டிக்காரனுக்காவது பயம் இருக்கும் என்று பார்த்தாள். இல்லை. திரு.வி.க. பாலத்தில் இறங்கும்போது முன்னால் ஒரு ஆட்டோ சவாரியைப் பார்த்ததும் நடுரோட்டிலேயே நின்றது. மஹ்விஷுக்கு இடம் இருந்தது. நிதானமாகப் பிரேக் போட்டு, ஆட்டோவுக்கும் தனக்கும் நடுவே ஒரு மாடு படுக்கிற இடம் விட்டு நின்றாள். ஒரு நொடி பெருமையாகக்கூட இருந்தது.

பின்னாலிருந்து 'டமார்'.

நீலப் பந்து பறந்து வந்து அவள் பிடரியில் மோதியது. இன்னும் ஒரே ஒரு நாள்தான் பாக்கி. கதவை உதைத்துத் திறந்துகொண்டு இறங்கினாள்.

"டேய், எறங்குடா கீழ! கண்ணு இன்னா பொடனியிலயா கீது?"

மயிலாப்பூரில் பிறந்து வளர்ந்தவளுக்குக் கோபம் வந்தால் பட்டப்படிப்பெல்லாம் நிற்காது. வெள்ளிக் காரின் கதவு மெதுவாகத் திறந்தது. மாஸ்க் இறங்கியது.

"நான்தாம்மா" என்றார் ஷரீஃப் பாய்.

ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார். "இன்னா நைனா, பொண்ணு வண்டியையே இட்ச்சிட்டியா?"

மஹ்விஷ் விரல் விட்டு எண்ணினாள். "அப்ப அந்த வெள்ளை, சிவப்பு, கறுப்பு?"

"கஸ்டமர் வண்டிம்மா. சீட் சரியா உக்காந்துச்சான்னு ஓட்டிப் பாக்கணும்ல."

"என் பின்னாலயா பாக்கணும்?"

"ஒன் பின்னால எவனும் ஒட்டக்கூடாதேன்னுதாம்மா நான் ஒட்டிக்கினு வந்தேன்."

அவள் பாலத்துக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்புறம்தான் அந்த எலுமிச்சையையும், பானெட்டில் காய்ந்திருந்த சந்தனப் பொட்டையும், சீட்டில் பிரிக்காத பிளாஸ்டிக்கையும் சரியாகப் பார்த்தாள்.

"அத்தா, இது யார் வண்டி?"

ஷரீஃப் பாய் மாஸ்க்கை மறுபடி ஏற்றிவிட்டுக்கொண்டு ஆற்றைப் பார்த்தார்.

சாயங்காலம் சந்தில் நடந்ததைப் பார்க்காதவர்கள் பாவம். கோதண்டபாணி முதலில் வழக்கம்போல ஆல்டோவைத்தான் சுற்றினார். பின் பம்பரில் விரல் நீளக் கீறலைக் கண்டதும் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "கீறல் கீறல்தானே பாய்? சாவியைக் குடுங்க" என்று கையையும் நீட்டிவிட்டார். அதற்கப்புறம்தான் பக்கத்தில் நின்ற, சீட் கவர் தைக்கவென்று பாயிடம் கொடுத்திருந்த தன் சொந்தக் காரின் நெளிந்த மூக்கு அவர் கண்ணில் பட்டது. நீட்டிய கை அப்படியே நின்றது.

பேசியது ஹாஜிரா பீதான், மாடிப்படியில் நின்றபடி.

"முன்னால கீறல் விழுந்தா ஓட்றவ தப்பு. பின்னால விழுந்தா பின்னால வந்தவன் தப்பு. எம் பொண்ணு வண்டிக்கு முன்னால ஒரு புள்ளி இருந்தா காட்டுங்க சார். என்னங்க, நீங்க சாரோட வண்டியைச் சரி பண்ணிக் குடுங்க. சீட் கவரும் தைச்சுக் குடுங்க, சும்மா. சாவி மஹ்விஷுகிட்ட இருக்கட்டும்."

கோதண்டபாணி நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். பிறகு தன் பம்பரையே தடவிக்கொண்டு நின்றார். அன்று முதல் அவர் காலையில் சுற்றுவது தன் காரை மட்டும்தான்.

மறுநாள் எட்டரைக்கு மஹ்விஷ் கிளம்பினாள். மந்தைவெளியில் கண்ணாடியைப் பார்த்தாள். பின்னால் யாரும் ஒட்டவில்லை. நாலு வண்டி நீளம் தள்ளி, பழைய மொபெட்டில் அத்தா; ஹெல்மெட்டுக்குள் உதடு அசைந்துகொண்டிருந்தது. எண்ணுகிறார் போல. அந்த இடைவெளியில் ஒரு ஆட்டோ நுழைந்தது. இன்னொரு பைக். பிறகு ஒரு மாநகரப் பேருந்தே நுழைந்தது. பேருந்துக்குப் பின்னாலிருந்து யாரோ விடாமல் ஹாரன் அடிக்கிற சத்தம் கேட்டது. மொபெட் ஹாரன்தான். அடையாறு வரைக்கும் கேட்டது.