இடப்பக்கம் சாயும் பின்கள்

ஞாயிற்றுக்கிழமைதோறும் மின்னஞ்சலில் வரும் 'உட்காருங்கள்' மடலை, பழைய சோபாவையும் நாற்காலியையும் பழுதுபார்க்கும் பைத்தியங்களைத் தவிர வேறு யாரும் படிப்பதில்லை. அப்படிப்பட்ட பைத்தியங்கள் உலகத்தில் நாம் நினைப்பதைவிட அதிகம். வருஷத்துக்கு ஒருமுறை, அந்த மடலை எழுதும் மனிதர் வாசகர்களை ஒருவருக்கொருவர் அறிமுகம் செய்துகொள்ளச் சொல்வார். பெயர் வேண்டாம், ஊர் வேண்டாம். நீங்கள் சரிசெய்த ஒரு சாமானைக் கவிழ்த்துப் போட்டு, அதன் அடிப்பக்கத்தைப் படமெடுத்து மடலின் இணையப் பக்கத்தில் போடுங்கள், கீழே உங்களைப் பற்றி நாலு வரி எழுதுங்கள் என்பார். மேல்பக்கத்தை எவனும் பளபளப்பாக்கிவிடலாம், ஆள் யாரென்று பார்க்க அடியில்தான் பார்க்க வேண்டும் என்பது அவர் கட்சி.

அந்த வாரம் அறிமுகங்கள் வந்து குவிந்தன. ஒரு கப்பல் சமையல்காரர் முக்காலியைக் கவிழ்த்துக் காட்டினார். ஒரு கணக்கு டீச்சர், உயிரோடு இருந்தவரை தன்னை உட்காரவே விடாத மாமனாரின் சாய்வு நாற்காலிக்கு ரோஜா நிறத் துணி போட்டுப் பழிதீர்த்துக்கொண்ட கதையை எழுதினார். 'கடைவாய்ப்பல்' என்ற பெயரில் ஒரு பல் டாக்டர், நாலு வரி கேட்டால் நாற்பது வரி எழுதி, தன் கிளினிக் எந்த ஊரில் எந்தத் தெருவில் இருக்கிறது என்பதுவரை சொல்லிவிட்டார். வாயைத் திறக்கச் சொல்லியே பழகிய மனிதர், தன் வாயை மூட எங்கே கற்றார்?

'பஞ்சு' என்ற பெயரில் ஒருத்தியும் எழுதினாள். சோபாப் பட்டறை ஒன்றில் வேலை செய்கிறவள். அந்த மடலை ரொம்ப நாளாக ஒரு வார்த்தை பேசாமல் படித்துக்கொண்டு மட்டும் இருந்தவள். அன்றைக்கு என்ன தோன்றியதோ, தான் முடித்த ஒரு மூன்றுபேர் சோபாவைப் புரட்டிப் போட்டுப் படமெடுத்தாள். கறுப்பு அடித்துணி, தொய்வே இல்லாமல் இழுத்து, ஓரம் முழுக்க ஸ்டேப்ளர் பின் அடித்தது. "இது நான் செய்தது. வேறு சொல்ல ஒன்றுமில்லை" என்று எழுதிப் போட்டாள். ஊரும் இல்லை, பெயரும் இல்லை, முகமும் இல்லை. இதில் என்ன ஆபத்து வந்துவிடப் போகிறது என்று நினைத்தாள். பாவம், நல்ல கைவேலைக்காரி. நல்ல கைவேலைக்காரிகளுக்குத் தங்கள் வேலையில் தங்கள் முகம் இருப்பது தெரிவதில்லை.

அவள் வலது கையில் நடுவிரலும் மோதிர விரலும் மடங்காது. முன்பு புருஷனோடு சேர்ந்து அவனுடைய பட்டறையிலேயே வேலை செய்தாள். ஒருநாள் அடித்துணியை அவள் அதிகமாக இழுத்ததில் துணி கிழிந்துவிட்டது. அவன் திட்டவில்லை, கத்தவில்லை. அவள் வலது கையை மரச்சட்டத்தின் மேல் விரித்து வைத்து, கொட்டாப்புளி என்கிற மரச்சுத்தியலை எடுத்து, ஆணி அடிக்கிற நிதானத்தோடு இரண்டு விரலையும் நொறுக்கினான். பிறகு, "கட்டுப் போட்டுட்டு வந்து மிச்சத்தை முடி" என்றான். முடித்தாள். அன்றிலிருந்து இடது கையால்தான் பின் அடிக்கிறாள். வலது கைக்காரர்கள் அடிக்கும் பின் வலப்பக்கம் சாயும் என்றால் அவளுடையது இடப்பக்கம் சாயும். மூலை மடிப்போ அவன் சொல்லிக்கொடுத்தது, இரண்டு மடி மடித்துத் துணி நாக்கை உள்ளே செருகுவது. அவன் மடிப்பும் இடதுகைச் சாய்வும் சேர்ந்து வரும் சோபா இந்த உலகத்தில் ஒருத்தி கையிலிருந்துதான் வரும்.

விரல்களுக்கு அப்புறம் விலா எலும்பு. விலாவுக்கு அப்புறம் ஒருநாள் மகளைச் சுவரில் மோதி அடித்தான். அன்றைக்கே மகளைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்துவிட்டாள். முதல் ஊரில் கண்டுபிடித்தான், ஓடினார்கள். இரண்டாவது ஊரில் கண்டுபிடித்தான், ஓடினார்கள். இது மூன்றாவது ஊர், மகளுக்கு மூன்றாவது பள்ளிக்கூடம். இங்கேதான் அந்தப் பெண்ணுக்கு முதன்முதலாக ஒரு சிநேகிதி கிடைத்திருந்தாள். இந்த ஊரையும் விட்டு ஓடவேண்டி வந்தால் பிள்ளை வாய் திறந்து பேசுவதையே விட்டுவிடும் என்ற பயம் பஞ்சுவை அரித்துக்கொண்டே இருந்தது.

படத்தைப் போட்ட கொஞ்ச நேரத்தில் பல் டாக்டர் பாய்ந்து வந்தார். "அட, இது என் கிளினிக் சோபா ஆயிற்றே! இந்த அம்மாவின் கைக்குத் தங்கக் காப்பு போடலாம்!" என்று எழுதினார். அப்போதே படத்தை நீக்கியிருக்க வேண்டும். நீக்கவில்லை. தன் வேலையை ஒருவர் நாலு பேர் முன்னால் புகழ்ந்து அவள் கேட்டதே இல்லை. தலைகால் புரியாமல் அதையே திரும்பத் திரும்பப் படித்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் 'ஒற்றை நாற்காலி' என்று ஒரு புதியவர் வந்தார். "நானும் இதே தொழில். மனைவியைப் பறிகொடுத்தவன். அவள் போன பிறகு எதையும் கவிழ்த்துப் பார்க்க மனசு வரவில்லை, அதனால் படம் இல்லை. மன்னியுங்கள்" என்று எழுதினார். எல்லோரும் உருகிப்போனார்கள். கணக்கு டீச்சர் அழுததாகவே எழுதினார். பஞ்சுவுக்கும் மனசு கேட்கவில்லை. "அவங்க கொடுத்துவைத்தவங்க, நினைத்து அழ ஒருவர் இருக்கிறார்" என்று எழுதினாள். "நன்றி சகோதரி" என்று பதில் வந்தது.

அதற்கு அடுத்த வாரம், வேலை நாள், பட்டப்பகல். பட்டறைக்காரம்மா துணி வாங்கப் போயிருந்தார். பஞ்சு ஒரு சோபாவை மரச்சட்டம் மட்டும் மிஞ்ச உரித்து வைத்து, பின் அடிக்கும் கன்னுக்குக் காற்றேற்றும் கம்ப்ரஸரை ஓடவிட்டுக்கொண்டிருந்தாள். பல் டாக்டரிடமிருந்து போன் வந்தது.

"அம்மா, ஒரு சந்தோஷமான சேதி! நம்ம ஒற்றை நாற்காலி என் கிளினிக்குக்கே வந்துட்டாருங்க. சோபாவைக் கவுத்துப் பாக்கணும்னு கேட்டாரு. பின்னுகளையெல்லாம் தடவித் தடவிப் பாத்தாரு. அந்த மூலை மடிப்பைப் பாத்ததும் கண்ணே கலங்கிடுச்சு. இது நான் சொல்லிக்குடுத்த மடிப்புன்னாரு. நீங்க அவரோட சிஷ்யைங்களா..."

"இப்ப எங்க இருக்காரு?"

"அங்கதான் வந்துட்டிருக்காரு. நான்தான் வழி சொன்னேன். ஒரு பல்லைப் புடுங்கிட்டு நானும் வரேன், ரெண்டு பேரையும் நேர்ல அறிமுகப்படுத்தி வைக்க வேண்டாமா?"

போனை வைத்துவிட்டுப் பட்டறைக்காரம்மாவைக் கூப்பிட்டாள். "அக்கா, அவரு வந்துட்டாரு. பிள்ளை ஸ்கூல் விட்டு இங்கதான் வரும். போய்ப் பிடிச்சு வச்சுக்கங்க. இங்க கூட்டிட்டு வந்துடாதீங்க." அக்காவுக்கு எல்லாம் முன்பே தெரியும். "நான் போலீசுக்கும் சொல்லிடறேன், நீ ஷட்டரை இழுத்து விடு" என்றார்.

ஷட்டரை முக்கால்வாசி இழுத்தபோது அடியில் ஒரு ஷூ வந்து நின்றது. நன்றாகப் பாலிஷ் போட்ட ஷூ. அவன் குனிந்து உள்ளே வந்தான், சட்டையை நீவிவிட்டுக்கொண்டான், ஷட்டரைத் தானே கீழே இறக்கினான்.

"நல்லா இருக்கியா? நீ செத்துட்டேன்னு எழுதிப்போட்டேன். எத்தனை பேரு அழுதாங்க பாத்தியா? நீ கூட ஆறுதல் சொன்னியேடி" என்றான். சிரித்தான். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் அறைந்தான்.

அறை அவள் வாய்மேல் விழுந்தது. இரண்டாவது குத்து. முன்பல் ஒன்று வேரோடு கழன்று தரையில் தெறித்தது. அவள் பின்னால் சாய்ந்து, கழற்றிப் போட்டிருந்த ஸ்பிரிங் குவியல்மேல் விழுந்தாள். ஸ்பிரிங் முனை ஒன்று முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை கிழித்தது. எழுவதற்குள் விலாவில் உதைத்தான். ஏற்கெனவே உடைந்து கூடிய அதே விலா. எந்த இடத்தில் உதைத்தால் எவ்வளவு வலிக்கும் என்று மனப்பாடமாக வைத்திருந்தான் அந்தப் பாவி.

"பிள்ளை எங்க?"

அவள் வாயில் ஊறிய ரத்தத்தைத் துப்பினாள்.

"சொல்ல மாட்ட. சரி. அந்த டாக்டர் உன் கைக்குத் தங்கக் காப்பு போடணுமாமே. எந்தக் கைக்கு?" முடியைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துவந்து, சோபாச் சட்டத்தின் முன்னால் மண்டிபோட வைத்தான். இடது கையை எடுத்துக் குறுக்குமரத்தின் மேல் விரித்தான். மணிக்கட்டைத் தன் இடது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, வலது கையால் மேஜைமேல் இருந்த கொட்டாப்புளியை எடுத்தான். "இதுவும் போச்சுன்னா எந்தக் கையால சம்பாதிச்சு ஓடுவ?"

அவள் வலப்பக்கம், தலைக்குமேல், பின் அடிக்கும் கன் காற்றுக்குழாயோடு தொங்கிக்கொண்டிருந்தது. சட்டத்துக்கு அடிக்கும் நீளப் பின் போட்டது. அந்த வலது கையை அவன் பிடித்து வைக்கவே இல்லை. தான் நொறுக்கிய கைதானே, அது எதற்கு ஆகும் என்று விட்டுவிட்டான். ஆனால் அவன் நொறுக்கியது நடுவிரலையும் மோதிர விரலையும்தான். விசையை அழுத்துவது ஆள்காட்டி விரல்.

முதல் பின் அவன் கட்டைவிரல் ஓரச் சதையைத் துளைத்து மரத்தில் இறங்கியது. அவனுக்கு என்ன நடந்தது என்று புரிவதற்குள் தன் கையை அடியிலிருந்து உருவிக்கொண்டாள், இரண்டாவது, மூன்றாவது. புறங்கை முழுக்க வரிசையாக அடித்தாள். அவசரத்திலும் இடைவெளி ஒரே சீராக இருந்தது, கை பழக்கம் அப்படி. அவன் போட்ட அலறலில் கொட்டாப்புளி கீழே விழுந்தது. கையை இழுத்தான். கை வரவில்லை, சோபா வந்தது. மூன்று பேர் உட்காரும் சட்டத்தைத் தரையில் தேய்த்துக்கொண்டே அவள் மேல் பாய்ந்து, மற்றக் கையால் குரல்வளையைப் பிடித்தான்.

"விடுங்க," என்றாள். கழுத்து நெரிபடும்போதும் அந்த மரியாதை மட்டும் வாயை விட்டுப் போகவில்லை. அவன் விடவில்லை. கன்னை அவன் புஜத்தில் வைத்து அழுத்தினாள். விடவில்லை. கன்னத்தில் வைத்து அழுத்தினாள். பின் கன்னத்தைத் துளைத்துப் பல்லில் மோதிய சத்தம் அவள் கைவரை அதிர்ந்தது. அப்போது விட்டான். அவள் கொட்டாப்புளியைப் பொறுக்கி அவன் முழங்காலில் ஒரே போடு போட்டாள். அவன் சரிந்து விழுந்து, தைக்கப்பட்ட கையில் தொங்கினான்.

அவன் வலது கை தரையில் விரிந்து கிடந்தது. அவள் அதன் மணிக்கட்டை மிதித்துக்கொண்டு கொட்டாப்புளியை ஓங்கினாள். நடுவிரல், மோதிர விரல். அவளுக்கு ஆசையாக இருந்தது. அதை மறைத்து என்ன பிரயோஜனம்? இத்தனை வருஷத்தில் எதற்கும் இவ்வளவு ஆசைப்பட்டதில்லை.

ஷட்டர் மேலே போனது. பல் டாக்டர் வெளிச்சத்தில் நின்றார், முகத்தில் பாதிச் சிரிப்பு இன்னும் மிச்சமிருந்தது.

"ஐயையோ! என்னம்மா பண்றீங்க! பெண்டாட்டியைப் பறிகொடுத்த மனுஷன் அவரு!"

"அந்தப் பெண்டாட்டி நான்தான் டாக்டர்."

பல் டாக்டர் அவளைப் பார்த்தார். மடங்காத இரண்டு விரலைப் பார்த்தார். சட்டத்தில் கையோடு மாட்டிக்கொண்டு கெட்ட வார்த்தையாகக் கொட்டிக்கொண்டிருந்தவனைப் பார்த்தார். வழி சொன்னது யார் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். அழுதிருப்பார். ஆனால் தரையில் கிடந்த பல் கண்ணில் பட்டுவிட்டது. அவருடைய தொழில் அவரைக் காப்பாற்றியது.

"யாரோடது? உங்களோடதா? வேரைத் தொடாதீங்க, தொடாதீங்க! பால் இருக்கா? பால்ல போட்டு ஓடணும். நேரம் ஆச்சுன்னா ஒட்டாது. வாயை நல்லாத் திறங்க!"

பஞ்சு கொட்டாப்புளியைக் கீழே வைத்தாள். மனசு மாறியதால் இல்லை. தாடையைத் தாங்கிப் பிடிக்க ஒரு கை வேண்டியிருந்தது.

போலீஸ் வந்து, பின்களைப் பிடுங்க ஒரு பட்டறை ஆளே வேண்டியிருந்ததால் அவளையே கேட்டார்கள். ஒவ்வொன்றாகப் பிடுங்கிக் கொடுத்தாள். அவன் ஒவ்வொன்றுக்கும் கத்தினான். அவள் அவசரப்படவில்லை. காவலோடு அவனை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போனார்கள். பல் டாக்டர் கிளினிக்கில், பாலில் போட்டு வைத்திருந்த பல்லை இருந்த இடத்தில் வைத்துக் கம்பி கட்டினார். "என் வாய்தாம்மா, என் பாழாப்போன வாய்தான்" என்றார். அவள் வாய் நிறையப் பஞ்சு. பேச முடிந்திருந்தாலும், 'பரவாயில்லை' என்று சொல்லியிருக்க மாட்டாள்.

அவள் வீட்டில் அக்கா கதவைத் திறந்தார். உள்ளறையில், கட்டிலுக்கு அடியில் இருந்த பெரிய பையை மகள் வெளியே இழுத்து வைத்திருந்தாள். யாரும் சொல்லவில்லை. அக்கா பள்ளிக்கூட வாசலில் நின்றதைப் பார்த்ததுமே பிள்ளைக்குத் தெரிந்துவிட்டது. பாவாடைகளை அளவாக மடித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். அம்மாவின் வீங்கின முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி மடிப்பில் குனிந்துகொண்டாள்.

"இந்தத் தடவை எந்த ஊரும்மா?"

"எந்த ஊரும் இல்ல. துணியை வெளிய எடுத்து வை."

"அப்பா செத்துட்டாரா?"

"இல்ல."

"அப்போ நாம இருக்கிற இடம் அவருக்குத் தெரியுமே."

பஞ்சு தரையில் உட்கார்ந்தாள். விலா குத்தியது. கம்பி கட்டிய வாயால் மெதுவாகத்தான் பேச வந்தது. "தெரியட்டும். இத்தனை நாள் அவரு எங்க இருக்காருன்னு நமக்குத் தெரியல, அதான் ஓடினோம். இப்போ தெரியும். வெளிய விட்டாங்கன்னா அதையும் நமக்குச் சொல்லுவாங்க. நாளைக்கு உனக்கு இதே ஸ்கூல்தான்."

பிள்ளை கேட்டுக்கொண்டாள். நம்பினாளா என்று முகத்தில் தெரியவில்லை. கையில் இருந்த பாவாடையை மடித்து முடித்து, பைக்குள் மற்றதோடு வைத்து, பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள். ஜிப்பை மட்டும் மூடவில்லை.